மஸ்கட்டிலிருந்து வந்த வலது ஹெட்லைட்

கடியப்பட்டணம்,
வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு.

மிக்க மரியாதைக்குரிய அப்பா ததேயுஸ் அவர்களுக்கு,

தங்கள் ஒரே மகளும், பிளஸ் டூ உயிரியல் பிரிவின் ஓயாத தலைவலியுமாகிய பிரிஜா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். கார் சுகமில்லை. தங்கள் சுகத்துக்காகவும், தங்கள் ஒர்க்‌ஷாப்பில் படுத்துக்கிடக்கும் வண்டிகளின் சுகத்துக்காகவும் அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறார். ஜெபமாலையின் ஐந்து காரணிக்கங்களில் மூன்றாவதிலேயே நான் தூங்கிவிடுவதால் வண்டிகள் பாதிதான் குணமாகியிருக்கும். மன்னிக்கவும்.

லீவுக்கு வந்த பொன்னுலிங்கம் மாமா சனிக்கிழமை உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே திரும்புகிறார். அவர் கையில் நெத்திலிக் கருவாடும் முந்திரிக்கொத்தும் கொடுத்துவிடுகிறோம், நடுவில் இந்தக் கடிதம். வாசம் அடித்தால் அது என் எழுத்தின் குற்றமில்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் நாலு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசி அனுப்பினால் நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்புகிறீர்கள். எங்களிடம் இப்போது உங்கள் கட்டைவிரல் எழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மீதி ஆள்தான் வந்துசேரவில்லை.

கடைசியாக நீங்கள் போனில் கேட்டது, “மக்ளே, லைட்டு செரியா இருக்கா?” நான் சொன்னது, “இருக்கு.” அதோடு சரி. இருபத்திரண்டு நாளாக உங்கள் குரல் இந்த வீட்டில் கேட்கவில்லை. எனவே, லைட் சரியாக இல்லை என்பதை இதன்மூலம் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஆகஸ்டில் அம்மா நெய்யூர் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் காரைத் திருப்பியபோது வலது ஹெட்லைட் நம் கேட்டுத் தூணில் மோதி உடைந்ததும், தூணுக்கு ஒரு கீறலும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். காருக்கு ஒரு பக்கம் தலைவெளிச்சம் போய்விட்டது என்று நான் சொல்ல, “உனக்கு அது பொறவியிலேயே இல்ல” என்று அம்மா சொன்னார். அன்றைக்கு நீங்கள் முக்கால் மணிக்கூர் பேசினீர்கள். “ஆன்லைன்ல வாங்கப்பிடாது கேட்டியா. படத்துல ஒண்ணு இருக்கும், பெட்டியில ஒண்ணு இருக்கும். நேரா டீலருகிட்ட போ” என்றீர்கள். அந்தச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் விட்டதும் அப்படியே பஸ் பிடித்து நாகர்கோவில் போனேன். ஏசி அறையில் உட்காரவைத்து மெஷின் டீ கொடுத்தார்கள். கவுண்டரில் இருந்தவர் மாடல் கேட்டார், வருஷம் கேட்டார், மாதம் கேட்டார், சேஸிஸ் நம்பர் கேட்டார். எல்லாம் சொன்னேன். அப்புறம் என் யூனிபாரத்தைப் பார்த்து, “பாப்பா, வீட்டுல பெரியவங்க யாரும் இல்லியா?” என்றார். “அப்பா இருக்காரு.” “வரச்சொல்லு.” “நாலு மணிக்கூர் பிளேன்ல வரணும், டீ ஆறிடும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டாக் இல்லை, கம்பெனியிலிருந்து வர பத்து நாள் ஆகும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த டீலரில் எனக்குக் கிடைத்தது முதல் எழுத்து மட்டும்தான்.

ஆகவே உங்கள் சொல்லைத் தட்டி ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். மூன்றாம் நாள் சிஜின் அண்ணன் பெட்டியோடு வந்து மணி அடித்தார். அம்மா டியூட்டியில் இருக்கும் நேரத்தில் இந்த வீட்டு மணியை அடிக்கிற ஒரே மனுஷன் அவர்தான் என்பதால், ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு விடுகதை போட்டுச் சொன்னேன். நாலாவது எண்ணில், “தங்கச்சி, எனக்கு இன்னும் முப்பது வீடு கெடக்கு” என்று அழாத குறையாகக் கும்பிட்டார். பிரித்தால் உள்ளே இருந்தது இடது ஹெட்லைட். நான் காருக்கு எதிரே நின்று பார்த்தபோது உடைந்த லைட் என் இடது கைப்பக்கம் இருந்ததால், இடது என்று ஆர்டர் போட்டிருக்கிறேன். அதைக் கேட்டு உடனே நீங்கள் கூப்பிட்டீர்கள். “சீட்டுல இரிந்து பாக்கணும் மக்ளே. முன்னால நிண்ணு பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும். மனசிலாச்சா?” என்றீர்கள். இல்லை என்றேன். மறுபடி சொன்னீர்கள். இன்னொரு மட்டம் சொல்லுங்க என்றேன். மூன்றாம் தடவை நீங்கள் அங்கே ஒரு காரில் ஏறி உட்கார்ந்து கையைத் தூக்கிக் காட்டினீர்கள். வீடியோவில் உங்கள் முடி நரைத்திருந்தது.

இடதைத் திருப்பி அனுப்ப அந்தக் கம்பெனியின் சாட்டில் போனேன். ஷைஜா என்று பெயர் போட்ட ஒரு மெஷின் வந்து, “வணக்கம் பிரிஜா, இன்று உங்கள் நாள் எப்படிப் போகிறது?” என்று கேட்டது. சொன்னேன். கெமிஸ்ட்ரி டெஸ்டிலிருந்து ஆரம்பித்து ஒரு மணிக்கூர் சொன்னேன். கடைசியில் அது, “நான் வேறு ஏதாவது உதவி செய்யலாமா?” என்றது. இந்த வருஷம் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் ஆளே இல்லை என்பதைத் தங்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டாவது ஆர்டரில் வலதே வந்தது. ஆனால் ஒட்டியிருந்த ஹாலோகிராம் என் நகத்தோடு வந்துவிட்டது, கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். ஒரே மழையில் லைட்டுக்குள் பாதிக்குத் தண்ணீர். ரெண்டு கப்பிமீன் விட்டு வளர்க்கலாம் என்று படம் எடுத்து அனுப்பினேன். ஐந்தாம் நிமிஷம் உங்கள் போன். “சவத்தத் தூரக் கள. ஒரிஜினல்னா கண்ணாடியிலயே நம்பர் வார்த்திருக்கும், விரல வச்சுத் தடவுனா தட்டுப்படும்” என்று ஆரம்பித்து, பல்பு, பிடிமானம், ரப்பர் வளையம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் பிசிக்ஸ் நோட்டு கூட அவ்வளவு அழகாக இருக்காது.

பிறகுதான் நீங்கள் ரோஷம் வந்து, “டீலரும் வேண்டாம் ஆன்லைனும் வேண்டாம், நானே அனுப்புதேன்” என்று, அங்கேயும் ஓடுகிற இதே மாடலின் அசல் லைட்டை வாங்கி, கம்பளிக்குள் சுருட்டி, பொன்னுலிங்கம் மாமா கையில் கொடுத்துவிட்டீர்கள். கம்பளி எனக்கு. அதில் உங்கள் ஒர்க்‌ஷாப் கிரீஸ் வாசம் இருந்தது. துவைக்க அம்மா கேட்டார், நான் கொடுக்கவில்லை. மணவாளக்குறிச்சி மெக்கானிக் நேசையன் மாமா லைட்டை மாட்டினார். அளவு கச்சிதம். நீங்கள் கேட்டபோது, எரியவைத்துக்கூடப் பார்க்காமல், சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் நேசையன் மாமாவையும் ஏற்றிக்கொண்டு அம்மா காரை எடுத்தார். எதிரே வந்த ஆட்டோக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டு வைதார். அடுத்து மீன்வண்டிக்காரர் வைதார். மூன்றாவது வந்தவர் நம் பங்குச் சாமியார், அவர் வையவில்லை, ஆசீர்வதிக்கிற மாதிரி கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். எங்களுக்கு இடப்பக்கத்து ஓரமும் அதில் போன சைக்கிள்காரரும் பாதி இருட்டில் கிடக்க, எதிரே வருகிறவர்கள் முகம் மட்டும் கல்யாண வீடியோவில் சாப்பிடுகிறவர்கள் முகம் மாதிரி பளீரென்று தெரிந்தது.

நேசையன் மாமா இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். “இது வலப்பக்கம் ஓட்டுத நாட்டுக்குள்ள லைட்டுல்லா. வெளிச்சம் அந்தப் பக்கமாத்தான் தூக்கி அடிக்கும். பதினோரு வருஷமா அங்க கெடந்து, உங்கப்பனுக்கு ஊரு எந்தப் பக்கம் ஓடுதுண்ணே மறந்துபோச்சு” என்றார். நான் சத்தமாகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, காரைத் திருப்பினார். வீடு வரும்வரை நானும் சிரிக்கவில்லை.

ஆக, இந்த லைட்டைத் திருப்பிவைக்க இங்கே யாராலும் ஆகாது, அனுப்பியவரே நேரில் வந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கோரிக்கை. அம்மாவின் அன்பும், நேசையன் மாமாவின் விசாரிப்பும், அந்த ஆட்டோக்காரர் சொன்னவற்றில் எழுதத் தகுந்த ரெண்டு வார்த்தையும் தங்களுக்கு உரித்தாகுக. கடியப்பட்டணத்துப் புனிதர்கள் அத்தனை பேரும் தங்களை எந்தப் பக்கம் ஓட்டினாலும் காப்பார்களாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள (எப்போதாவது) மகள்,
பிரிஜா

பி.கு.: அம்மா இதை வாசித்துவிட்டு, “ஏட்டி, உள்ளத எழுது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உள்ளது இதுதான். டீலர் சொன்ன பத்தாம் நாளே லைட் வந்துவிட்டது. அன்றே மாட்டி, இன்றுவரை நன்றாக எரிகிறது. கவுண்டர்காரர் நல்லவர், பிறகு போனபோது சிரித்தார். வலது எது இடது எது என்று எனக்கு எல்.கே.ஜி.யிலேயே தெரியும். தெரிந்துதான் இடதை ஆர்டர் போட்டேன். இரண்டாவதாக வந்தது அசல் சாமான். நம்பரும் விரலில் தட்டுப்பட்டது. தண்ணீர் மழையில் இறங்கியதல்ல, அம்மாவின் சிரிஞ்சால் நான் ஏற்றியது. காயவைத்ததும் அது இதே மாடலான நேசையன் மாமாவின் காருக்குப் போய்விட்டது. பொய் இல்லாதது உங்கள் லைட் மட்டும்தான். நீங்கள் கொடுத்துவிட்டதை ஒரு நாளாவது மாட்டிப் பார்க்காமல் இருக்க மனசு வரவில்லை, டீலர் லைட்டைக் கழற்றிவிட்டு மாட்டினோம், மறுநாள் மாற்றிவிட்டோம். தப்பான சாமான் வந்த ஒவ்வொரு நாளும் நீங்கள் கூப்பிட்டீர்கள். சரியான சாமான் வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். என்னை மட்டும் திட்ட வேண்டாம். அந்த ரெண்டு ஆர்டருக்கும் ஓடிபி வந்தது அம்மாவின் போனுக்கு. எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் டியூட்டியிலிருந்தே கூப்பிட்டு வாசித்துச் சொன்னார். இனி அந்தக் காரில் கெட்டுப்போக ஒன்றும் பாக்கி இல்லை அப்பா. சும்மா கூப்பிடுங்க.