ஆசிட் இசைத்தட்டை நிமிர்த்திய விவரம்

புதுப்பட்டினம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் தமிழ்வாணன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும், முழங்கால் நீங்கலாக உங்கள் அக்கா கல்யாணியும் சௌக்கியம். திருச்சியில் நீங்களும் குடும்பமும் உங்கள் சர்க்கரை அளவும் சீராக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் பெண் ஸ்வாதி கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, டி.ஜே.யாகி விடுதிகளில் இசைத்தட்டு போடப் போகிறாள் என்றதும், கல்யாண வீட்டில் மைக் செட் கட்டப் போகிறாளா என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை பெல்ஜியத்திலிருந்து அவளுக்கு ஒரு பார்சல் வந்தது. தொண்ணூற்றிரண்டில் அச்சான, டெக்னோ என்கிற மின்னணு இசைத்தட்டு, மூன்று வருஷம் தேடிக் கிடைத்தது. அந்த வகை இசைக்கு ஆசிட் என்று பெயராம். இது எனக்கும் தெரியாது, கூரியர் கொண்டுவந்த தமிழ்ச்செல்விக்கும் தெரியாது. அந்த அம்மாள் பார்சலைக் கேட்டுக்கு வெளியே மண்ணில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று, "ஆசிட்னு எழுதிகீது சார். கையெழுத்து போடு, ஆனா நீயே தூக்கிக்க" என்றார். நான் தோட்டத்துக் கையுறை மாட்டிக்கொண்டு தூக்கி வந்தேன். ஸ்வாதி மாமல்லபுரத்தில் கச்சேரி ஏற்பாட்டில் இருந்ததால், போனில் அது பாட்டுத் தட்டுதான் என்று விளக்கி, ஞாயிற்றுக்கிழமை பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னாள். மறந்துவிடக் கூடாதே என்று அப்போதே காரின் பின்சீட்டில் வைத்துவிட்டேன். அங்கேதான் வினை. சனிக்கிழமை கல்யாணியின் வேண்டுதலுக்காகத் திருக்கழுக்குன்றம் போனோம், அவள் முழங்கால் வலியோடு மலையேறி இறங்க மூன்று மணி நேரம், வெயிலில் நின்ற காரைத் திறந்து பார்சலைப் பிரித்தால் தட்டு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. கல்யாணி மலையடிவாரப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க, என்னால ஆவாது" என்றாள்.

நான் சொல்லவில்லை மச்சான். முப்பத்தொரு வருஷம் கல்பாக்கம் பணிமனையில் தகடு நிமிர்த்தியவன், ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கா பயப்படுவேன்? ஞாயிறு காலையே ஷோகேஸ் கண்ணாடி இரண்டைக் கழற்றி, நடுவில் தட்டை வைத்து, மேலே பாரம் ஏற்றி, மொட்டைமாடி வெயிலில் வெப்பமானியோடு குந்தி உட்கார்ந்தேன். ஐம்பத்துநாலு டிகிரி, அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறவிடவில்லை, பிறகு நிழலில் ஆறவிட்டேன். என் முதுகுதான் தோலுரிந்தது, தட்டு மேசைபோல் சமமாயிற்று.

ஞாயிறு சாயங்காலம் கடற்கரை விடுதியில் இருநூறு பேர். ஸ்வாதி நான் கொடுத்த தட்டைப் போட்டாள். முதலில் பம்ப்பில் பேரிங் போனதுபோல் இருந்தது. அப்புறம் அது காலுக்குள் இறங்கிவிட்டது. ஒரு கட்டத்தில் மாறாமல் அதே நாலு தாள அடி, அதே கீச்சு, திரும்பத் திரும்ப இரண்டு நிமிஷம்! இருநூறு பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள், கல்யாணி உட்பட. ஒலிபெருக்கி பார்க்கும் ஆல்வின் என் தோளைத் தட்டி, "அண்ணாத்த, உம் பொண்ணு கூட்டத்த எப்டி புடிச்சிகினு நிக்குது பாரு" என்றான். என் கண் கலங்கியது. அவள் திறமை ஒரு பக்கம், என் வேலைப்பாடு ஒரு பக்கம்; அந்தத் தட்டில் ஒரு பிசிறு கேட்டதாக யாரும் சொல்லவில்லை. இதுதான் உங்கள் மைக் செட் கேள்விக்குப் பதில்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் நூறாண்டு நல்ல பசியோடு வாழ்க.

அன்புடன்,
சம்பத்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் ஸ்வாதி வந்து கடிதத்தைப் படித்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்பா, அந்த ரெண்டு நிமிஷம் பாட்டுலயே கெடயாது. தட்டுல பள்ளம் விழுந்து ஊசி மாட்டிக்கிச்சு. ஒரு சுத்துக்கு சரியா நாலு அடி வந்ததால யாருக்கும் தெரியல. எடுக்க எனக்கே மனசு வரல" என்கிறாள். அடுத்த மாதமும் அதே தட்டைத்தான் விடுதிக்காரர்கள் கேட்கிறார்களாம். மற்ற தட்டுகளையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கல்யாணியிடம் கொடுத்திருக்கிறாள்.