மீன்குஞ்சுகள் நீந்துவதாக நான் சொன்னது பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். தங்கள் மகனும் எங்கள் மகளும் நலமாக இருப்பதாக நேற்று போனில் சொன்னார்கள். தங்களிடமும் அதையே சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தாங்களும் சம்பந்தியம்மாவும் மீன்குஞ்சுகளை எடுத்துப்போக வருவதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிவித்துவிடுவதுதான் முறை. போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் தாங்கள் என் முழங்கால் வலியை விசாரித்தீர்கள், நான் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

தாங்கள் வீட்டிலேயே வளர்த்து, நான் ஓய்வுபெற்ற அன்று பரிசாகக் கொடுத்த ஏஞ்சல் மீன் ஜோடி முட்டையிட்டதையும் குஞ்சு பொரித்ததையும் அன்றன்றே சொன்னேன். அதெல்லாம் உண்மை. எட்டாம் நாள் "எல்லாம் நீந்துதா?" என்று கேட்டீர்கள், "எல்லாம் ஜோரா நீந்துது சம்பந்தி" என்றேன், அது உண்மையில்லை. அந்த நிமிடம் தொட்டியில் இருந்த அறுபத்திரண்டு குஞ்சுகளில் பதினொன்றுதான் நீந்தின. மற்றவை வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தன; வாலைப் படபடவென்று அடித்து ஒரு விரல் உயரம் எழும்பி அப்படியே விழுந்தன. தாங்கள் கொடுத்த வம்சத்தில் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் வளர்ப்பில் கோளாறு என்று சொல்லவும் மனம் வரவில்லை, பெண்ணைக் கொடுத்திருக்கிற இடம். ஏதோ சொல்லிவைத்தேன். மறுநாளே தாங்கள் தங்கள் மேலதிகாரிக்குப் பன்னிரண்டு குஞ்சுகள் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டதாகத் தெரிவித்தீர்கள்.

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். மேலே போகாமல் நிற்கும் எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. மீன் கடைக்காரரிடம் போனேன். தீனி அதிகம், ஒரு நாள் பட்டினி போடுங்கள் என்றார். போட்டேன், குஞ்சுகள் பசியோடு தரையில் நகர்ந்தன. அடுத்து தண்ணீரைச் சூடாக்கச் சொன்னார். சூடாக்கினேன், கொஞ்சம் வேகமாக நகர்ந்தன. மூன்றாம் முறை போனபோது என்னைக் கண்டதும் கடைக்காரர் உள்ளே போய்விட்டார். மாடி வீட்டில் குடியிருக்கும் நீச்சல் பயிற்சியாளர் ஏதோ கையெழுத்துக்காக வந்தவர், தொட்டியைப் பார்த்து, "முதல்ல ஆழத்தைக் குறைங்க சார், பாவம், மேல வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது" என்றார். மனிதப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனாலும் அவர் படியேறியதும் நாலு விரல் ஆழம் விட்டு மீதித் தண்ணீரை இறைத்தேன். சாயங்காலத்துக்குள் மேலும் ஏழு நீந்தின. அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

அதற்கு மேல் ஒன்றும் எழும்பவில்லை. குஞ்சு பொரித்த நாளிலிருந்தே செய்வதுபோல, தினமும் காலையில் மோடா போட்டு உட்கார்ந்து, செத்ததை எடுத்துப் போட்டு, கழிவை உறிஞ்சி, தொட்டிக்குள் கையை விட்டுச் செடியைச் சரிசெய்து வந்தேன். ஒரு குஞ்சு மட்டும் விடாமல் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி காபியை ஆறவிட்டேன் என்பதைத் தங்களிடம்தான் சொல்கிறேன். பன்னிரண்டாம் நாள் துணி உலர்த்தப் போன என் மனைவி நின்று, தண்ணீரைச் சாய்வாகப் பார்த்து, "மேல எண்ணெய் மிதக்குது" என்றாள். பிறகு என் கையை எடுத்து மோந்து பார்த்தாள். தாங்கள் அன்போடு அனுப்பிய மூட்டுவலித் தைலத்தைத்தான் நான் காலையில் தேய்த்துக்கொண்டு, அதே கையை...

"உங்களுக்கு மூட்டு வலி. மீனுக்கு மூட்டே கிடையாது" என்றாள் அவள். பிறந்த குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால்தான் உள்ளே இருக்கும் காற்றுப்பை விரியுமாம், எண்ணெய்ப் படலம் அதற்கு வழிவிடாதாம். இதைக் கடைக்காரர் தன் மனைவி மூலமாகச் சொல்லியனுப்பினார். செய்தித்தாளைத் தண்ணீர்மேல் விரித்து விரித்து எண்ணெயை ஒற்றி எடுத்தோம். பலவற்றுக்குக் காலம் கடந்துவிட்டது. இன்றைய நிலவரம்: இருபத்து நான்கு நீந்துகின்றன. ஐந்து தலைகீழாக நீந்துகின்றன. அவற்றை நீந்துபவையாகக் கணக்கிடலாமா என்பதைத் தங்கள் பெருந்தன்மைக்கு விடுகிறேன். விடாமல் எழும்பிய அந்தக் குஞ்சு இப்போது நேராகவே நீந்துகிறது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்வு. அதை மட்டும் மேலதிகாரிக்குக் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தைலத்தில் எந்தக் குறையும் இல்லை. முழங்கால் எவ்வளவோ தேவலை. பொய் சொன்னதற்கு மன்னிக்கவும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது, யாருக்கு இவ்வளவு நீளமாக என்று என் மனைவி கேட்டாள். சொன்னேன். குஞ்சுகள் எழும்பாததைச் சம்பந்தியம்மாவிடம் ஒன்பதாம் நாளே அவள் சொல்லிவிட்டாளாம். அதற்கு அவர், "எங்க வீட்லயும் மூணு தடவை இதே கதைதான், ஒண்ணுகூட எழும்பல. அந்த ஜோடியே கடையில வாங்கினது" என்றாராம். ஆகவே மேலே கண்டவற்றைப் படித்ததாகத் தாங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம். நலம் விசாரித்து எழுதிய கடிதமாக மட்டும் எடுத்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது வழக்கம்போல் எல்லாம் நீந்துகிறதா என்று கேளுங்கள். நானும் வழக்கம்போல் பதில் சொல்கிறேன்.