ஒரே மனைவி, இருதார வழக்கு

லைம் துறைமுகம்,
1609 அக்டோபர், காற்று திரும்பாத ஒரு செவ்வாய்க்கிழமை

மொர்லே நகரில் துணி வியாபாரத்தில் நல்ல பேரோடு விளங்கும் என் மனைவியின் மூத்த சகோதரர் எர்வே அவர்களுக்கு, கடலின் இந்தக் கரையிலிருந்து உங்கள் மைத்துனன் வால்டர் வைட் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நலம். அங்கும் அனைவரும் சுகமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. போன கப்பலில் அனுப்பிய வெண்ணெய் வந்து சேர்ந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனாலும் சந்தோஷம்.

என் மீது இருதார மணக் குற்றம் சுமத்தியிருக்கிறார்கள். பதற வேண்டாம். இரண்டு மனைவியும் உங்கள் தங்கைதான்.

நடந்தது இதுதான். உங்கள் ஊரில் என் பேர் யார் வாயிலும் நுழையவில்லை என்று என்னைக் கோத்தியே லெ பிளாங் ஆக்கினீர்கள். எங்கள் ஊருக்கு வந்ததும் உங்கள் தங்கை இசபோ எலிசபெத் ஆனாள். உங்கள் கோவிலில் நடந்த கல்யாணம் இங்கே செல்லாது என்று எங்கள் பாதிரியார் முகம் சுளித்ததால், அவளையே லைம் கோவிலில் மறுபடி கட்டிக்கொண்டேன். ஆக, கோத்தியேக்கு இசபோ, வால்டருக்கு எலிசபெத் என்று இரண்டு பதிவு. அதனால் என்ன என்று இருந்துவிட்டேன். ஆனால் மூன்று வருஷம் முன்பு, கோத்தியே பேரில் வந்த ஒயின் பீப்பாய்களைக் கேட்டுப் போட்ட வழக்கில், கோத்தியேயும் வால்டரும் ஒரே ஆள்தான் என்று நானே வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்லி ஜெயித்திருக்கிறேன். இசபோவும் எலிசபெத்தும் ஒருத்திதான் என்று யாரும் எங்கும் சத்தியம் செய்யவில்லை. இப்போது யாரோ மொர்லே கல்யாணச் சீட்டைக் கொண்டுபோய்க் கோவில் மேற்பார்வை பார்க்கும் ஹாலெட்டிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டு என் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. சாவி உங்கள் தங்கையின் இடுப்பில். பூட்டிய பெட்டியிலிருந்து அது எப்படி நடந்து போனது என்று எனக்கு விளங்கவில்லை. எதிர்க்கடை டோபி ஆஷ்ஃபோர்டின் வேலை என்றுதான் நினைக்கிறேன். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

திருச்சபை நீதிமன்றத்தில் முதலில் எலிசபெத்தை அழைத்தார்கள். இவள் எழுந்து, "இவர் என் புருஷன்தாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்து குமாஸ்தா, "இசபோ லெ பிளாங்!" என்று கூவினார். இவளே மறுபடி எழுந்தாள்.

"நீங்க உட்காருங்கம்மா, உங்க முறை முடிஞ்சுபோச்சு" என்றார் குமாஸ்தா.

இவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். "ஐயா, இந்தம்மாவுக்கு நம்ம பாஷை வரலைங்க, துபாஷியைக் கூப்பிடணும்" என்று குமாஸ்தா நீதிபதியைப் பார்த்தார். இந்தத் துறைமுகத்துக்கு நியமன துபாஷி யார் என்பது உங்களுக்குத் தெரியும். குற்றவாளி நிற்கும் இடத்திலிருந்து என்னை இறக்கி, சத்தியம் வாங்கி, இவள் பக்கத்தில் நிறுத்தினார்கள். உங்கள் தங்கை மூச்சு விடாமல் பேசினாள். வருஷா வருஷம் அடுத்த வருஷம் மொர்லேக்குக் குடிபோகலாம் என்று சொல்லி நான் ஏமாற்றுகிறேனாம், அம்மாவை அடக்கம் பண்ணக்கூட அனுப்பவில்லையாம், அப்போது காற்று சரியில்லை என்றேனாம், அதே காற்றில் என் சரக்கு மட்டும் போனதாம். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "தான் நல்ல சுகமாக இருப்பதாகச் சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

"அவ்வளவு நேரம் பேசினாங்களேய்யா?" என்றார் நீதிபதி.

"பிரெஞ்சு கொஞ்சம் நீளமான பாஷைங்க."

"பொய்! நான் அதுவா சொன்னேன்?" என்று இவள் எங்கள் பாஷையில் கத்தினாள். உடனே குமாஸ்தா மேசையைத் தட்டி, "இசபோ சாட்சி சொல்றப்போ எலிசபெத் குறுக்க பேசக் கூடாது!" என்று அதட்டி, அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். "முதல் கல்யாணம்தான்யா செல்லும். எலிசபெத்தை விட்டு விலகிடுங்க. மொர்லே போய் இசபோவோட ஒழுங்கா குடும்பம் நடத்துங்க."

"ஐயா, இசபோ இதோ நிக்கிறாளே!"

"இங்க நிக்கிறது எலிசபெத்துன்னு ஊரே சொல்லுது. இசபோ மொர்லேக்காரி. ஏட்டுல அப்படித்தான் இருக்கு. ரெண்டும் ஒருத்திதான்னா அவங்க ஞானஸ்நானம் வாங்கின கோவில்லேருந்து முத்திரை போட்ட சீட்டுக் கொண்டாங்க, பாக்கலாம்."

உங்கள் தங்கை குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. இப்போது அவள் பக்கத்துத் தெரு விதவை வீட்டில் தங்கியிருக்கிறாள். பகலில் வந்து கஞ்சி வைத்துத் தந்தால், எலிசபெத்தோடு சேர்ந்து வாழ்கிறேன் என்று ஹாலெட் வாசலில் நின்று குறித்துக்கொள்கிறார். செய்த பாவத்துக்குத் தண்டனையாக, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு சபை முன்னால் நான் நிற்க வேண்டும். போர்வை உங்கள் கடைத் துணிதான். நன்றாக உழைக்கிறது.

மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். மொர்லே நல்ல ஊர்தான். ஆனால் அங்கே நான் எர்வே வீட்டு மாப்பிள்ளை, பேர்கூட என்னுடையது இல்லை. இங்கே தெருவில் நடந்தால் நாலு பேர் "வாங்க வால்டர்" என்கிறார்கள். இதை விட்டுவிட்டு வர என்னால் முடியாது. ஆகவே அடுத்த கப்பலிலேயே அந்த ஞானஸ்நானச் சீட்டை வாங்கி அனுப்புங்கள். கிறிஸ்துமஸுக்குள் வராவிட்டால் தீர்ப்பு நிலைத்துவிடும், நான் கப்பல் ஏறித்தான் ஆக வேண்டும். என் பிழைப்பு உங்கள் கையில் இருக்கிறது.

அண்ணியாருக்கு என் வணக்கம். உங்கள் தறிகள் ஓயாமல் ஓடவும், உங்கள் கப்பல்கள் கரை சேரவும் வேண்டிக்கொள்ளும்,
வால்டர் வைட்

பின்குறிப்பு: வழக்கம்போலக் கீழே உங்கள் தங்கை தன் கையால் உங்கள் பிரெட்டன் பாஷையில் நாலு வரி எழுதுவாள். பிரெஞ்சு தெரிந்த எனக்கும் அதில் ஓர் எழுத்தும் புரியாது. நலம் விசாரிப்பாக இருக்கும்.

அண்ணே, அந்த ஞானஸ்நானச் சீட்டை அனுப்பாதே. பெட்டியைத் திறந்து கல்யாணச் சீட்டை ஹாலெட்கிட்ட குடுத்தது நான்தான். டோபி பாவம், ஒண்ணும் அறியாதவர். கோர்ட்டுல நான் அழலை, சிரிப்பை அடக்க முடியலை. ஆனா ஒண்ணு சொல்றேன். பதினோரு வருஷத்துல இந்த ஊர்ல என்னை இசபோன்னு வாய் நிறையக் கூப்பிட்டது அந்தக் குமாஸ்தா ஒருத்தர்தான். காதுல விழுந்ததும் கால் தானா எழுந்து நின்னுடுச்சு. அம்மா இருந்த மாடி அறையைக் கூட்டி வை. இவருக்குக் குளிர் ஆகாது, கணப்புக்கு விறகு கொஞ்சம் கூடவே வாங்கிப் போடு. அப்புறம், தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வை. வர்ற மாப்பிள்ளையை யாரும் கோத்தியேன்னு கூப்பிடக் கூடாது. அவர் பேர் வால்டர்.