செம்பியன் கவ்விய எல்லை

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் வாழ்நாளில் அதிகம் சொல்லும் பொய் ஒன்றுதான்: "பயப்படாதீங்க, எங்க நாய் ஒண்ணும் பண்ணாது." நான் அதை ஒரு பெரிய அரசாங்க அதிகாரியிடம், ஊரே கூடியிருந்த இடத்தில் சொன்னேன். அதன் பிறகு எங்கள் ஊரில் நான் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. (என் மனைவி கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கதையைக் கேட்டவள். ஆகவே அவள் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை.)

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்த காலம். குடிபாலாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரிக்கரையில் நின்று பலமாகத் தும்மினால் வேலூர்ப் பக்கத்திலிருந்து யாராவது 'நூறாயுசு' சொல்லக்கூடிய தூரம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் குமாஸ்தா வேலை. மண்டிக்கு வரும் பேப்பரை எறும்பு மொய்ப்பதற்குள் படித்துவிடுவதால், நாட்டு நடப்பு முழுக்க எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

வீட்டில் யாரும் அதைக் காதுகொடுத்துக் கேட்பதில்லை. அதனால் காலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது நாய்க்கு விளக்குவேன். திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று நான் பிரசங்கம் செய்வேன். அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்து, வழியில் இருக்கும் ஒவ்வொரு கல்லிலும் காலைத் தூக்கி அடையாளம் வைக்கும். எல்லைப் பிரச்சினைக்கு அந்தக் காலத்தில் நான் கேள்விப்பட்ட யோசனைகளில் அதுதான் தெளிவாக இருந்தது.

அந்த நாய், புத்தலப்பட்டிலிருந்து மண்டிக்கு வெல்லம் கொண்டுவரும் ஒரு தெலுங்கு விவசாயி பிரியமாகக் கொடுத்தது. செந்நிறமாக இருந்ததால் அவர் வைத்த பெயர் 'எர்ரோடு', அதாவது சிவப்பன். தமிழன் வீட்டு நாய்க்கு இது அடுக்குமா? நான் 'செம்பியன்' என்று மாற்றினேன். சோழ ராஜாக்களின் பட்டம்! நாய் அந்தப் பட்டத்தை ஏற்கவே இல்லை. 'செம்பியா' என்றால் காது அசையாது. 'எர்ரோடா' என்றால் ரெண்டு கழனி தாண்டி ஓடிவரும். வா, உட்கார், விடு எல்லாமே அதற்குத் தெலுங்கில்தான். ஆகவே நாலு பேர் எதிரில் அது செம்பியன், ஏரிக்கரையில் எர்ரோடு. (மேடையில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று அன்றைக்குப் பல தலைவர்களே அப்படித்தான் இருந்தார்கள். நாய்க்காரன் இருந்தால் என்ன?)

இந்தச் சமயத்தில்தான், எல்லை விஷயமாக ஊர்மக்கள் கருத்தைக் கேட்க ஓர் அதிகாரி வருகிறார் என்று தெரிந்தது. ஊருக்குப் பெரிய மனுஷர் எங்கள் நைனா, அதாவது என் அப்பா.

"டேய், நீதான் படிச்சவன். மதராஸோட சேரணும்னு மனு நீயே எழுது. கேக்கற ஆபீசருக்குக் கண்ணுல தண்ணி வரணும்" என்றார்.

நிஜமான கஷ்டங்கள் இருந்தன. பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார் கிடைக்கவில்லை. தாலுகா ஆபீஸிலிருந்து தெலுங்கில் வரும் காகிதம் எங்கள் யாருக்கும் படிக்க வரவில்லை. அதையெல்லாம் நான் நாலு வரியில் முடித்துவிட்டு, மிச்சம் மூன்று பக்கத்தில் என் புலமையைக் காட்டினேன். அதில் என் உச்சம் இந்த வரி: "இவ்வூரின்கண், தொட்டிற் குழவி முதல் வாயில்லாப் பிராணி ஈறாக, தமிழன்றிப் பிறிதொன்றும் அறியோம்!" நைனாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அதனாலேயே ரொம்பப் பிடித்துவிட்டது.

அதிகாரி ஜீப்பில் வந்தார். பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் மேஜை போட்டிருந்தோம். அவருடைய உதவியாளர் ஒரு பெரிய வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். என் காலடியில் நின்ற நாயை அதிகாரி பார்த்தார்.

"இதைக் கட்டிவைக்கக் கூடாதா?"

"பயப்படாதீங்க சார், ஒண்ணும் பண்ணாது."

மனுவைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். அந்த வரைபடத்தை மைதாப் பசை போட்டுத் துணியில் ஒட்டியிருந்தார்கள். அந்த வாசனை எனக்குத் தெரியவில்லை, தெரியவேண்டியவனுக்குத் தெரிந்தது. நான் கையை உயர்த்தி "வாயில்லாப் பிராணி ஈறாக" என்று முழங்கிய நேரத்தில், வாயில்லாப் பிராணி வாயைத் திறந்து வரைபடத்தின் ஒரு மூலையைக் கவ்வியது.

"ஐயோ, மேப்பு!" உதவியாளர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.

"செம்பியா! விடு!" என்றேன். அது பசையை ருசித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா பார்த்துக்கினு நிக்கற? உடச் சொல்லுடா!" நைனா கத்தினார்.

"சொல்லிக்கினுதான் இருக்கறேன் நைனா!"

சர்ரென்று ஒரு சத்தம். சித்தூருக்குக் கீழே, எங்கள் ஊர் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. டெல்லியில் வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்த வேலை! ஜெயிலா, வேலை போகுமா என்று தெரியவில்லை. மொழிப்பற்று, மானம் எல்லாவற்றையும் மறந்து அலறினேன்:

"ஒரேய் எர்ரோடா! வதுலு! கூர்ச்சோ!"

உடனே விட்டது. உட்கார்ந்தது. அதோடு நிற்காமல், முன்னங்காலைத் தூக்கி அதிகாரியிடம் நீட்டியது.

அதிகாரி அந்தக் காலைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "தம்பி, அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படிங்க" என்றார். படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் பின்வரிசையில் சிரித்தது நன்றாகக் கேட்டது.

"மீகு தெலுகு பாகா ஒச்சே!" என்றார் அதிகாரி. உங்களுக்குத் தெலுங்கு நன்றாக வருகிறதே என்று அர்த்தம். பாராட்டு என்றால் எனக்குப் புத்தி மழுங்கிவிடும். "ஏதோ, கொஞ்செம் சார்" என்று தெலுங்கிலேயே நெளிந்தேன்.

நைனாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "வெதவா! பருவு தீசேஸ்திவி கதரா!" என்று மேல்துண்டை உதறிக்கொண்டு பாய்ந்தார். மானத்தை வாங்கிவிட்டாயே என்று. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் தெலுங்குதான் முன்னால் வரும். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. துண்டாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நைனா கேட்ட தண்ணி வந்துவிட்டது.

அதிகாரி கோபப்படவில்லை. கிளம்பும்போது, "வாத்தியார் விஷயத்தைத் தனியா எழுதிக் குடுங்க. அதுதான் முக்கியம்" என்று மட்டும் சொன்னார். எழுதினேன், நாலே வரி. வாத்தியார் வந்தார். நைனா மட்டும் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. "உன் புள்ளயத் துன்னச் சொல்லு" என்று அம்மா மூலமாகத்தான் தகவல் வரும். ஆனால் ஒருநாள் காலையில் ஏரிக்கரையில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் நாய். என்னைப் பற்றிய புகார்களை அதனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார், தெலுங்கில்.

பிறகு எல்லை முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அதற்குக் கணக்கும் காரணமும் ஆயிரம் இருந்திருக்கும். எங்கள் ஊரைப் பொறுத்தவரை காரணம் ஒன்றுதான், அதற்கு நாலு கால்.

நாய் போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் கழித்து என் மகனுக்குத் திருப்பதியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பெண் எடுத்தோம். வந்த முதல் நாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "இந்த வீட்ல தெலுகு நல்லா தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டாள்.

"நாய்!" என்றார்கள் வீட்டில் மற்ற எல்லோரும் ஒரே குரலில்.

"எனக்கும் தெரியும்மா" என்றேன் நான், ரோஷமாக.

"அதத்தான் சொல்லிக்கினு இருக்கறோம்" என்றாள் என் மனைவி.