பவுனம்மாள் பேச்சைக் கேட்ட போர்டு

ஒரு மாட்டுக் கொட்டகையை இடிப்பதற்கு இத்தனை பெரிய மனிதர்கள் இத்தனை முறை கூடி யோசித்த சாம்ராஜ்யம் உலக சரித்திரத்தில் வேறு கிடையாது. 1927-ஆம் வருடம் அந்தப் பெருமை அக்கரைச் சீமையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பவுனம்மாளின் கொட்டகைக்குக் கிட்டியது.

ஆறு பசுக்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கப் பால் வாடிக்கை. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தக் கொட்டகைதான். ஊர் நிர்வாகத்தைக் கவனித்து வந்த போர்டு, வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து தேவை என்று கண்டுபிடித்து வரைபடத்தில் கோடு கிழித்தது. துரைமார் டென்னிஸ் ஆடும் இடம் வந்ததும் கோடு மரியாதையாக வளைந்தது. கொட்டகை வந்ததும் 'பொது நன்மை' கருதி நேராகப் போனது.

பவுனம்மாள் சும்மா விடுகிற ஆளில்லை. லாயர் ராதாகிருஷ்ணனைப் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனாள். ஜட்ஜ்துரை இரண்டு நாள் விசாரித்தார். சந்து நல்லதா கெட்டதா என்று பார்ப்பது கோர்ட்டின் வேலையில்லை, முடிவெடுத்த முறைதான் தப்பு என்றார். அந்த அம்மாள் சொல்வதைக் கேட்காமல் போட்ட உத்தரவு செல்லாது; கேட்டுவிட்டு மறுபடி முடிவு செய்யட்டும் என்று தீர்ப்பு எழுதினார்.

லாயர் அதைத் தமிழில் சுருக்கினார்: "ஜெயிச்சிட்டோம்மா. இனிமே போர்டு உங்க பேச்சைக் கேக்கணும்."

பவுனம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டின புருஷனே கேட்காத பேச்சைக் கோட்டுப் போட்ட துரைமார் கேட்கப் போகிறார்கள். அன்றைக்குப் பால் வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள். குவார்ட்டர்ஸ் பெண்கள் தங்கள் குறைகளையும் அவளிடம் சொல்லி அனுப்பினார்கள்.

போர்டு கூடியது. பவுனம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு உத்தரவு போட ஆரம்பித்தாள். சந்து நாலு முழம் தள்ளிப் போகட்டும். தெருக்குழாயில் சாயங்காலமும் தண்ணீர் வரட்டும். பாலத்தடியில் ஒரு விளக்கு வையுங்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத தலைவர் துரை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். போர்டு குமாஸ்தாவான கிராணி வாலண்டைன் ஒன்றுவிடாமல் எழுதி, கடைசியில் 'கேட்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். அதற்கென்றே செய்த புது முத்திரை அது.

மறுநாள் காலை கூலிகள் கடப்பாரையோடு வந்தார்கள். முன்னால் வாலண்டைன் நின்றார்.

"கிராணி ஐயா, என் பேச்சைக் கேக்கணும்னு கோர்ட்டு சொல்லிச்சே?"

"கேட்டோமேம்மா, ஒன்றரை மணி நேரம். போன தடவை கேக்காம இடிக்க உத்தரவு போட்டோம், அது தப்பு. இப்ப கேட்டுட்டு இடிக்கிறோம், இது சட்டம் லா."

ஜெயித்த கேஸுக்கு எப்படி அழுவதென்று பவுனம்மாளுக்குத் தெரியவில்லை. கூரைத் தகரம் விழுந்த சத்தத்தில் செவலைப் பசு மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து ஓடியது. "ஏ செவலை, நில்லு" என்று ஒரு குரல் கொடுத்தாள். நின்றுவிட்டது.

அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் அதைப் போர்டில் சேர்க்க வழியில்லை. அது கேட்டபடி நடந்துவிடும்.