மாப்பிள்ளை கொடுத்த பூனைக்கு முடிவெட்டிய கதை

என் மனைவியின் ஒரே தம்பியும், வாயில்லா ஜீவன்களிடம் அளவுகடந்த அன்பு கொண்டவரும், அந்த அன்பை அடுத்தவர் வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறவருமான மாப்பிள்ளைக்கு, அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இது. இந்தத் தடவை எழுத வரவில்லை, ஏனென்றால் ஒரு கை எழுத, இன்னொரு கை அதைச் சொறிந்துகொண்டிருக்கிறது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சொறியாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊருக்குப் போய்விட்டு வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று செருப்புப் பெட்டியில் ஒரு பூனைக்குட்டியை வைத்துக் கொடுத்தீர்கள். ஊரிலிருந்து திரும்பியும் வந்தீர்கள். பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். பூனையைக் கேட்கவில்லை. சரி, நம்ம மாப்பிள்ளைதானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். முதலில் வந்தது தெள்ளுப்பூச்சி. குளிப்பாட்டினால் போய்விடும் என்றாள் உங்கள் அக்கா. போனது உண்மைதான், பூனையை விட்டு சோபாவுக்குப் போனது. சோபாவை வெயிலில் போட்டோம், மெத்தைக்கு வந்தது. கணுக்காலெல்லாம் தடித்துச் சிவந்துபோய் உட்கார்ந்துகொண்டு உங்கள் அக்கா, "கொசுங்க, இந்த வருஷம் கொசு ஜாஸ்தி" என்கிறாள். தம்பி கொடுத்த பூனையில் பூச்சி என்ற வார்த்தை அவள் வாயில் வராது. நான் கொண்டுவந்த பூனையாக இருந்திருந்தால் இந்நேரம் நானும் அதுவும் தெருவில் நின்றிருப்போம்.

பூச்சி ஒருவழியாக ஒழிந்தது என்று மூச்சுவிட்டால், குட்டியின் காதுக்குப் பின்னால் முடி கொட்டி வட்டமாக ஒரு சொட்டை. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "படர்தாமரை மாதிரி தெரியுது. கொஞ்சம் சுரண்டி டெஸ்ட்டுக்கு அனுப்புறேன். சுத்தி இருக்கிற முடியை எடுத்துட்டு மருந்து போடணும், நம்ம ஆளு எடுத்துடுவாரு" என்றார். இங்கேதான் மாப்பிள்ளை என் புத்தி கெட்டது. தலைமுடியோடு வாழ்க்கை நடத்துகிற மனுஷன் நான், நான் இருக்கும்போது முடி எடுக்க இன்னொரு ஆளா? "விடுங்க டாக்டர், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நேரே என் சலூனுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கூட்டமில்லாத நேரம். சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் பலகையை நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே வைத்து, குட்டியை உட்காரவைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, மெஷினைப் போட்டேன். பெரிய பெரிய ஆட்கள்கூட அப்படி அசையாமல் தலையைக் கொடுத்ததில்லை. முடித்ததும் பழக்கதோஷத்தில் பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்து "போதுமா?" என்று கேட்டேன், அதுவும் பார்த்தது. வழக்கம்போல மெஷினை ஒரு ஊது ஊதி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது. என் முழங்கை மடிப்பில், எப்போது வந்ததோ, ஒன்று, உங்கள் அக்காவின் கழுத்தில் ஒன்று (அதற்குப் பெயர் வேர்க்குருவாம்), என்னிடம் முடிவெட்டிக்கொள்ளும் பேங்க் மேனேஜருக்குப் பிடரியில் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி ஒன்று. அவர் கடை வாசலில் நின்றபடியே சட்டைக் காலரை இழுத்துக் காட்டி, "என்னங்க இது?" என்றார். நான் ஒரு மடையன், பொய் சொல்லத் தெரியாமல், "அது ஒண்ணுமில்ல சார், பூனைக்கு வெட்டினேன், அதுலேர்ந்து ஒட்டியிருக்கும்" என்றேன். "மனுஷனுக்கு வெட்டுற மெஷின்ல பூனைக்கா!" என்று அவர் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க்கடைக்காரன் மறுநாளே போர்டு எழுதிவிட்டான், 'இங்கே மனிதர்களுக்கு மட்டும்' என்று. இப்போது அவன் கடையில் உட்கார இடமில்லை, என் கடையில் உட்கார ஆளில்லை. காலையில் திறக்கிறேன், என் நாற்காலியில் நானே உட்கார்ந்து ரெண்டு சுற்றுச் சுற்றுகிறேன், சாத்திவிட்டு வருகிறேன். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை மாப்பிள்ளை, அலுத்துப்போச்சு. இந்தக் கடை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது, இந்த வயசில் யாரிடம் போய் வேலைக்கு நிற்பேன் சொல்லுங்க. அதனால வர்ற ஞாயித்துக்கிழமை வந்து உங்க பூனையைத் தூக்கிட்டுப் போங்க. பூனை போச்சுன்னு தெருவுல நாலு பேரு கண்ணால பாத்தாத்தான் என் கடைக்கு ஆள் வரும். உங்க அக்கா அழுவா, அதை நான் பாத்துக்கறேன். பெட்டி மட்டும் மறக்காம கொண்டுவாங்க.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் நல்லா படித்து, எந்தப் பூனையையும் தெருவிலிருந்து தூக்கி வராமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன், தொடாமல், தூரத்தில் நின்று.

இப்படிக்கு,
உங்கள் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு,
அத்தான்.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது டாக்டர் போன் செய்தார். டெஸ்ட் வந்துவிட்டதாம். "இது பூனைங்க பரப்புற வகை இல்லைங்க. மனுஷங்ககிட்ட இருக்கறது. சலூன் மெஷின், துண்டு, இது வழியாத்தான் சுத்தும். நீங்க மெஷினை எதுல கழுவறீங்க?" என்றார். ஊதுவேன் என்பதை மட்டும் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். "அப்ப குட்டிக்கு எப்படி வந்துச்சு டாக்டர்?" என்றேன். "வீட்ல யாரை ஒட்டிக்கிட்டு தூங்குது?" என்று கேட்டார். மத்தியானம் நான் படுத்தால் என் முழங்கை மடிப்பில்தான் தலையை வைக்கும். அதைச் சொன்னேன். "உங்க கை ஆறுற வரைக்கும் நீங்க அதைத் தொடாதீங்க, பாவம், சின்னக் குட்டி" என்றார். ஞாயித்துக்கிழமை வரவேண்டாம் மாப்பிள்ளை. மேனேஜரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். குட்டி இப்போது கீழே நின்று, தூக்கு தூக்கு என்று கத்துகிறது. நான் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.