கம்பளிப்படைக்கு என் ராஜினாமா

கிளாவரை,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

பதிப்பாசிரியர் தேவசேனா அம்மா அவர்களுக்கு,

பழனி அடிவாரம் பஞ்சாமிர்தக் கடை ஜெயமுருகன், தங்கள் பதிப்பகத்துக்கு நாற்பத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகள் கதை எழுதிவருகிறவன், பணிவான வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் நலம், என்னோடு வந்திருக்கும் ஜலீல் பாய் நலம், என் வயிறு மட்டும் இன்னும் நலமாகவில்லை. அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்தாரும் சுகமாக இருக்கத் தண்டாயுதபாணி பார்த்துக்கொள்ளட்டும். விஷயத்துக்கு வருகிறேன். கம்பளிப்படை வரிசையை அறுபத்துநாலு புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கோடை விடுமுறைக்கு என்று தாங்கள் விளம்பரம் கொடுத்த அறுபத்தைந்தாவது வராது. காரணத்தைப் படித்தால் தாங்களே சரிதான் என்பீர்கள்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிளாவரையில் நாலு பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கள்ளர்களைப் பிடிக்கும் கதையை அறுபத்துநாலு தடவை எழுதிய நான், நேற்றுவரை கிளாவரையைப் பார்த்ததில்லை. கிளாவரை என்ன, கொடைக்கானலையே பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் சுற்றுலா போனபோது நாலாவது வளைவில் கணக்கு வாத்தியாரின் குடைக்குள் வாந்தியெடுத்தேன், அன்றோடு மலைப்பாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்த அன்று தங்கள் அப்பா, கிளாவரைப் பக்கத்து மேல்மலையெல்லாம் உங்களுக்கு நல்ல பழக்கமோ என்று கேட்டார். புத்தகம் போடுகிறேன் என்று சொல்கிற மனிதரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? தலையை ஆட்டினேன். அதற்கப்புறம், பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைப்பழம் கொண்டுவந்து போடும் ஜலீல் பாயிடம் மேலே எப்படியிருக்கும் என்று கேட்டுக் கேட்டுத்தான் எல்லாப் புத்தகமும் எழுதினேன். பாயும் கொடைக்கானல் பஜாரைத் தாண்டிப் போனதில்லை என்பதை நேற்று பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னார்.

இந்த லட்சணத்தில்தான் கிளாவரைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பு அறை திறக்கிறார்கள் என்று என்னைக் கூப்பிட, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தாங்களும், அவர் வருவார் என்று சொல்லிவிட்டீர்கள். தங்களைக் குறை சொல்லவில்லை, பழனிக்காரனுக்குப் பக்கத்து மலைதானே என்று நினைத்திருப்பீர்கள். என் மனைவி சுந்தராம்பாள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "முன் சீட்டுல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டுப் போங்க, வளைவுல வாயத் தெறக்காதீங்க" என்றாள். ரோட்டைப் பார்த்தால் பக்கத்திலிருக்கும் பள்ளமும் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டேன். பெருமாள்மலை வருவதற்குள் எலுமிச்சம்பழம் கைவிட்டுவிட்டது, ஜலீல் பாயின் சலவை வேட்டி தாங்கிக்கொண்டது. "விடு மாப்ள, குளுருக்கு வெதுவெதுன்னுதேன் இருக்கு" என்றார் பாய். அப்படி ஒரு சிநேகிதன் எல்லாருக்கும் வாய்க்க வேண்டும்.

பழனிக்காரன் வெறுங்கையோடு இன்னொருத்தர் வாசலை மிதிப்பது வழக்கமில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு அறுபது டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவந்தேன். அதே பையில், நாலு வரி வாசித்துக் காட்டலாமே என்று, அறுபத்தைந்தாவது புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியையும் வைத்திருந்தேன். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவில் ஒரு மாட்டுக்காக டிரைவர் பிரேக் போட்டதில் பத்துப் பன்னிரண்டு டப்பா வாயைத் திறந்துவிட்டன. இறங்கிப் பார்த்தால் இருநூறு பக்கமும் ஒரே பக்கமாகிக் கிடந்தது. இன்று காலையில் அதைப் பள்ளிக்கூடச் சுவரில் காயவைத்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாவது அத்தியாயத்தை நக்கிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார்கள். அந்தக் கதைக்கு இதுவரை வந்த ஒரே விமர்சனம் அதுதான்.

இதெல்லாம்கூடப் பெரிசில்லை அம்மா. விழாவில் நடந்ததுதான் பெரிசு. தலைமையாசிரியர் அகிலன் நல்ல மனிதர். இந்த மேல்மலையின் ஒவ்வொரு கல்லையும் காலால் அளந்தவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார். அவர் அளந்தவர் என்று சொன்ன அந்த நேரத்தில் எனக்குக் கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்துச் சால்வை போர்த்தினார்கள். அப்புறம் சண்முகப்பிரியா என்று ஆறாம் வகுப்புப் பெண், ஒரு நோட்டோடு எழுந்தாள். அறுபத்துநாலையும் படித்தவளாம். பாராட்டுப் பத்திரம் வாசிக்கப் போகிறாள் என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஐயா, ஏழாவது புத்தகத்துல கள்ளன் வாழைத்தோப்புக்குள்ள ஒளியுறான். எங்க ஊர்ல வாழை வராது. பனியில கருகிப்போகும்" என்று ஆரம்பித்தாள். "இருபத்திரெண்டுல கம்பளிப்படை அரை மணி நேரத்துல கொடைக்கானலுக்கு ஓடிப்போயி போலீச கூட்டியாருது. பஸ்ஸே ரெண்டரை மணி நேரத்துக்கு மேல போகும். முப்பத்தொன்னுல உருளைக்கெழங்குச் செடி ஏறி நின்னு எட்டிப் பாக்குறாக. அது எங்க முட்டிக்குக்கூட வராது." இப்படி நாற்பத்தேழு தப்பு. ஒன்றுகூட அவள் தப்பாகச் சொல்லவில்லை. கடைசியில் நோட்டை மூடிவிட்டு, "கோவிச்சுக்காதீங்க ஐயா. இதுக்கு முன்னாடி நீங்க எங்க ஊருக்கு எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அதற்குள் ஜலீல் பாய், "நேத்து வந்ததுதேன்மா மொதத் தடவ" என்றுவிட்டார். பிள்ளைகள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுபத்தொரு வயசில் இத்தனை பிள்ளைகள் முன்னால் பொய்யனாக நின்றேன். வாசிப்பு அறையைத் திறக்கும்போது, அலமாரியில் அறுபத்துநாலும் அட்டை கிழிந்து, ஒட்டுப்போட்டு, வரிசையாக நின்றன. அவ்வளவு படித்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் இன்னும் வெட்கமாகிவிட்டது. இந்தப் பிள்ளைகளை இனியும் ஏமாற்ற எனக்குத் தெம்பில்லை. இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளவும். மேல்மலையில் பிறந்து வளர்ந்த யாராவது எழுதட்டும். நான் இனிப் பஞ்சாமிர்தத்தோடு நின்றுகொள்கிறேன், அதில் வாழைப்பழம் இருந்தால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள்.

தங்களுக்கும் தங்கள் அப்பா கட்டிக்காத்த பதிப்பகத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இத்தனை வருஷம் என்னை நம்பியதற்காகக் கைகூப்பி,

பா. ஜெயமுருகன்

பின்குறிப்பு (திங்கட்கிழமை காலை): இதைக் கொடைக்கானல் தபாலாபீசில் போடலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளனே பஸ் ஏறினோம். கிளாவரையை விட்டுக் கொஞ்சதூரம் வந்ததும் கண்டக்டர், "ஆலமரம் யாரும் இருக்கா? ஆலமரம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். தூக்கிவாரிப்போட்டது. மூன்றாவது புத்தகத்தில் கம்பளிப்படை கூடிப் பேசுவது ஒரு ஆலமரத்தடியில். நேற்று அந்தப் பெண்ணின் பட்டியலில் அது வராததைக் கவனித்து, இதையாவது விட்டாளே என்று மனசுக்குள் மூச்சுவிட்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் யூக்கலிப்டஸ் மரமும் கேரட் காடும்தான் தெரிகிறது. "மரம் எங்கப்பா?" என்று கேட்டேன். "இங்க ஆலமரம் வருமாங்க? இது ஸ்டாப்பு. வெரசாச் சொல்லுங்க, எறங்குறீங்களா இல்லையா?" என்றார். இறங்கிவிட்டோம்.

ரோட்டோரமாகப் புத்தகப் பையோடு சண்முகப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பேர் என்று அவளிடம் கேட்டேன். "எங்கம்மா சின்னப்பிள்ளையில ஒங்க மூணாவது புத்தகத்தப் படிச்சிட்டுக் கூட்டாளிகளோட இங்கதான் கூடுவாகளாம். மரம் இல்லாட்டி என்ன, பேரு இருக்கட்டும்னு வச்சுக்கிட்டாகளாம். அப்புறம் பஸ்ஸும் அந்தப் பேர்லயே நின்னுருச்சு" என்றாள். அப்படியானால் இதை ஏன் தப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இது எப்படி ஐயா தப்பாகும்? எங்க வீடே ஆலமரத்துலதான இருக்கு."

ஆகவே அம்மா, மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து கிழித்துப்போட்டுவிடுங்கள். அடுத்த பஸ் மத்தியானம்தான். ஜலீல் பாய் கேரட் தின்றுகொண்டிருக்கிறார், நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அறுபத்தைந்தாவதைப் புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை உருளைக்கிழங்குச் செடி முட்டிக்குக் கீழேதான். அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு புரூஃப் சண்முகப்பிரியாவுக்கும் அனுப்பிவையுங்கள். முகவரி: ஆலமரம் ஸ்டாப், கிளாவரை ரோடு. கதவு எண்ணெல்லாம் வேண்டாமாம், தபால்காரருக்குத் தெரியுமாம்.